கோணலாக மாட்டிய காலிங் பெல்

பார்சல் திருட்டுப் போகிறது என்றுதான் டெய்லரம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். மூன்றாம் மாடியில் இருப்பதே இரண்டு வீடுகள். ஒன்று அவளுடையது, இன்னொன்று அவள் கொழுந்தனுடையது. அவளுக்கு வரும் பார்சலில் நூல்கண்டும் ஜிப்பும் பொத்தானும்தான் இருக்கும். அதைத் திருடுவதற்காக ஒருத்தன் அடிக்கடி பழுதாகும் அந்த லிஃப்டுக்குக் காத்துக் கிடந்து ஏறி வருவான் என்றால், அவனைத் திருடன் என்று சொல்ல வாய் வராது, பாவம் என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனாலும் அவள் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னதால், அவள் கணவரே ஒரு கட்டத்தில் நம்பத் தொடங்கி, வாசலில் செருப்பு இருக்கிறதா என்று அவ்வப்போது எட்டிப் பார்த்தார்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு வயிறு எரிந்தது. எரியவைத்தது அவள் ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி. கல்யாணமாகி வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்காரும் வேலை, மதியத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன செய்வாள் என்றால், சிரிப்பாள். டெய்லரம்மாவின் கணக்குப்படி அவளுக்கு வேறு வேலையே கிடையாது. கொழுந்தன் வாங்கிய புது சோபாவைப் பார்த்து டெய்லரம்மா பொறாமைப்படவில்லை. அவன் வாங்கப்போகும் காரைப் பற்றியும் அவளுக்குக் கவலை இல்லை. அதையெல்லாம் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் தன் ஒரே மகளை, தான் பெற்று வளர்த்த பாப்புவை, அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பாப்புவுக்கு இருபது வயது. எக்ஸ்ரே எடுக்கும் படிப்பை முடித்துவிட்டு, தெருமுனையில் இருக்கும் ஸ்கேன் சென்டரில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை போட்டுத் தருவார்கள், மகள் நடந்தே போய் நடந்தே வருவாள், மதியச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு வந்துவிடலாம் என்று டெய்லரம்மா மனதுக்குள் எல்லாவற்றையும் வெட்டித் தைத்து இஸ்திரியும் போட்டு வைத்திருந்தாள். அப்படிப்பட்ட மகள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் முதலில் எந்த வாசலில் நிற்கிறாள்? சித்தி வாசலில். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

ஒருநாள் பாப்பு உண்மையைத்தான் சொன்னாள், "சித்தி வீட்ல இருந்தேம்மா" என்று. அதற்கு டெய்லரம்மா, "அங்கயே சாப்பிட்டுப் படுத்துட்டு வந்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பாப்பு அந்தப் பதிலைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். போவதை நிறுத்தவில்லை.

ஆகவே வீடியோ காலிங் பெல் வந்து இறங்கியது. பெட்டிக்குள் மூன்று சாமான்கள். வாசலுக்கு வெளியே மாட்டும் பெல், அதில் ஒரு கேமராக் கண்ணும் கீழே வட்டப் பொத்தானும். வீட்டுக்குள் பிளக்கில் செருகும் சைம், அதாவது மணி அடிக்கும் பெட்டி, சோப்புப் பெட்டி அளவில் வெள்ளையாக. அப்புறம் ஒரு சின்ன பிளாஸ்டிக் கட்டை, ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிந்தும், ஆப்பு மாதிரி. அதைப் பெல்லுக்கு அடியில் வைத்தால் பெல் ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்க்கும்.

அந்த வீட்டில் சுவரில் ஆணி அடிப்பது முதல் குழாய்க்கு வாஷர் மாற்றுவது வரை டெய்லரம்மாதான். கணவர் பஸ் டிப்போவில் நேரக் கண்காணிப்பாளர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பது தலைகீழாகத் தெரியும், ஸ்குரூ எந்தப் பக்கம் திரும்பும் என்பது தெரியாது. அவரை டார்ச் பிடிக்கச் சொல்லிவிட்டு, பழைய பெல்லின் பொத்தானைக் கழற்றி, அதன் இரண்டு ஒயரையும் டேப் சுற்றி உள்ளே தள்ளி, டிரில்லில் ஓட்டை போட்டாள். சுவர்த்தூள் எல்லாம் அவர் மூக்கில்.

"ஏம்மா, இந்தக் கட்டையை எதுக்கு வைக்கற? நேரா மாட்டினா போதாதா?"

"நேரா மாட்டினா எதிர் சுவருதான் தெரியும். சுவர்ல என்ன சினிமாவா ஓடுது?"

"அப்ப லிஃப்ட் பக்கம்தானே திருப்பணும்? நீ அந்தப் பக்கம் தடிமன் வெச்சா அது இந்தப் பக்கமா பாக்கும். பேப்பர்ல படம் போட்டிருக்கு பாரு."

"படத்தை நீங்களே வெச்சுக்கோங்க. டார்ச்சை ஆட்டாம பிடிங்க."

இரண்டு வீட்டு வாசலும் 'ட' எழுத்து மாதிரி மூலைக்கு மூலையாக இருந்தன. லிஃப்ட் ஒரு பக்கம், ஓரகத்தி வீடு மறுபக்கம். லிஃப்ட் பக்கம் திருப்பினால் பார்சல் வருவது தெரியும். இந்தப் பக்கம் திருப்பினால் ஓரகத்தியின் கதவு, கால்மிதி, கதவுக்கு மேல் மாட்டிய பச்சைத் தொட்டிச் செடி, எல்லாம் போட்டோ எடுத்த மாதிரி. ஆனால் சொந்த வாசலில் வந்து நிற்கிறவர்களின் முகம் படத்துக்குள் வராது, பக்கவாட்டில் கொஞ்சம் தோள்தான் தெரியும். அதனால் என்ன? தன் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

சைமைத் தையல் மிஷினுக்குப் பக்கத்து பிளக்கில் செருகினாள். அதன் பொத்தானை நீல விளக்கு மினுக்கும் வரை அழுத்திப் பிடித்து, போனில் இருந்த செயலியோடு ஜோடி சேர்த்தாள். யாராவது பொத்தானை அழுத்தினால் டிங் டாங். ஆள் நடமாட்டம் இருந்தாலே ஒலிக்க வேண்டுமா என்று செயலி கேட்டது. வேண்டும் என்றாள். எந்த இடத்து நடமாட்டம் என்று கேட்டு, படத்தின் மேல் கட்டம் வரையச் சொன்னது. துணியில் சாக்கட்டியால் கோடு போடுகிற கை அல்லவா, ஓரகத்தியின் கதவைச் சுற்றி ஒரு பிசிறு இல்லாமல் கட்டம் வரைந்தாள். அந்தச் சத்தத்துக்கு மட்டும் ஒரு வண்டு ரீங்காரத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

சாயங்காலம் பாப்பு வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, பெல் கழுத்து சுளுக்கின மாதிரி நிக்குது?" என்றாள்.

"அந்தச் சுவர் கோணல்," என்றாள் டெய்லரம்மா.

மறுநாளிலிருந்து வண்டு கத்தத் தொடங்கியது. காலையில் பால் போடுகிறவன், ஓரகத்திக்கு. கிர்ர்ர். மேல்மாடிக்காரி ஒரு கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு வருகிறாள், ஓரகத்திக்கு. கிர்ர்ர். இஸ்திரிக்காரர் துணியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலில் நின்று கதை பேசுகிறார். அந்த மனுஷன் தன்னிடம் இத்தனை வருஷத்தில் மொத்தமாகப் பேசியதே நாலு வார்த்தை, அதில் இரண்டு 'நாளைக்கு வரேன்'. கீழ்வீட்டு வாத்தியார் பல்வலிக்கு யோசனை கேட்க வருகிறார். இவளென்ன டாக்டரா? வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுப்பவளிடம் பல்வலிக்கு யோசனை! ஆனால் வாத்தியார் திரும்பிப் போகும்போது கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்துக்கொண்டு போனார்.

டெய்லரம்மாவின் வாசலுக்கு அந்த நாட்களில் வந்தது ஒரே ஒரு வாடிக்கையாளர். கோட்டின் கையைக் குறைக்கக் கொடுத்திருந்த அம்மாள். பொத்தானை அழுத்தாமலே திரும்பிப் போய், போனில் கூப்பிட்டுச் சண்டை போட்டாள். "வாசல்ல கேமராவை வெச்சுட்டு ஆளைப் போட்டோ எடுக்கறீங்களா? பெல்லு எங்க இருக்குன்னே தெரியல. பத்து நிமிஷம் கையாட்டிட்டு நின்னேன்!" அவள் நின்ற இடம் கட்டத்துக்கு வெளியே. வண்டு வாயைத் திறக்கவில்லை. டெய்லரம்மா மன்னிப்புக் கேட்டு, கோட்டை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அப்போதாவது கட்டையைத் திருப்பி மாட்டியிருக்கலாம். மனசு வரவில்லை.

ஏனென்றால் சாயங்கால வண்டு இருந்தது. அது கத்தினால் பாப்பு வந்துவிட்டாள் என்று அர்த்தம். மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு டெய்லரம்மா போனைக் கையில் எடுப்பாள். கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளிக்கொண்டு, கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பாள்.

பாப்பு பெல் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. கை கதவுக்குப் போகும் முன்பே கதவு திறக்கும். உள்ளே இருப்பவள் மகளின் தோளில் ஒரு தட்டு தட்டுவாள். ஏதோ கேட்பாள். பாப்பு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து ஏதோ பதில் சொல்வாள். ஓரகத்தி தலையை ஆட்டி, விரலை நீட்டி, திரும்ப ஏதோ கேட்பாள். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்புறம் கதவு சாத்திக்கொள்ளும். சத்தமும் கேட்கும்தான், ஆனால் லிஃப்டின் உறுமலும் மாடிப்படியின் எதிரொலியும் கலந்து, பேச்சு எல்லாம் வாய்க்குள் துணியைத் திணித்துப் பேசுவது போலிருக்கும். சிரிப்பு மட்டும் தெளிவாக வந்தது. இதற்கென்றே செய்து அனுப்பியிருப்பார்கள் போல.

என் வயிற்றில் பிறந்தவள் என்னிடம் எப்போது இப்படிச் சிரித்தாள்? அவள் யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வந்தது எல்லாம் பாப்புவுக்குப் பல் முளைத்த காலத்துச் சிரிப்பு.

ஒரு சாயங்காலம் அந்த வித்தையைத் தானும் செய்து பார்த்தாள். பாப்பு ஓரகத்தி வீட்டிலிருந்து வெளியே வருவதைப் போனில் பார்த்ததும் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மகள் சாவியை நுழைக்கும் முன்பே கதவைப் படாரென்று திறந்து, முகமெல்லாம் பல்லாகச் சிரித்து, தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

பாப்பு பயந்து பின்னால் போனாள். "என்னம்மா? அப்பாவுக்கு ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆகல. சும்மா திறந்தேன்."

"சும்மா ஏன் திறந்த?"

டெய்லரம்மா அசடு வழிய அடுப்படிக்குப் போனாள். தட்டைப் போட்டுக்கொண்டே, குரலில் ஒன்றும் தெரியாத மாதிரி, "இன்னைக்கு ஏன் லேட்டு?" என்றாள்.

"பஸ் கெடைக்கலம்மா," என்றாள் பாப்பு.

தெருமுனையிலிருந்து நடந்து வர எதற்கடி பஸ்? இவ்வளவு நேரம் எங்கே இருந்தாள், எந்தக் கால்மிதியில் செருப்பைக் கழற்றினாள் என்பதெல்லாம் அவள் போனில் படமாக இருக்கிறது. எடுத்துக் காட்டிக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். ஆனால் காட்டினால் பெல்லின் கழுத்து ஏன் சுளுக்கியது என்பதும் வெளியே வந்துவிடும். மென்று விழுங்கினாள். கணவர் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எந்த பஸ்ஸு? அந்த ரூட்ல ஸ்டாப்பே இல்லையே?" என்று ஆரம்பித்தார். டெய்லரம்மா முறைத்த முறைப்பில் அவருக்கு விக்கல் வந்தது.

பொய் சொன்னது கூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. தன்னிடம் பொய்யும் அங்கே சிரிப்பும் என்று மகள் பங்கு பிரித்து வைத்திருக்கிறாளே, அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அந்த ஓரகத்திக்குத் தெரிந்து தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று மகளிடம் இருக்கிறது. அது என்ன என்பதைவிட, அது அவளிடம் முதலில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதுதான் டெய்லரம்மாவைத் தூங்கவிடாமல் செய்தது.

அடுத்த நாள் சாயங்காலம் மழை. வண்டு கத்தியபோது டெய்லரம்மா ஒரு திரைச்சீலைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்தாள். பாப்பு நனைந்து வந்திருந்தாள். கதவு திறந்தது. வழக்கம்போல ஓரகத்தி விரலை நீட்டி ஏதோ கேட்டாள். பாப்பு இடுப்பில் கை வைத்தாள், வாயைத் திறந்தாள், ஒன்றும் சொல்லாமல் நின்றாள். பிறகு முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அடுத்த நொடி அவள் சித்தியின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஓரகத்தி அவள் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே காதுக்குள் ஏதோ சொன்னாள்.

வேறு எந்தத் தாயாக இருந்தாலும் பிள்ளை ஏன் அழுகிறது என்று பதறியிருப்பாள். டெய்லரம்மாவும் கெட்டவள் இல்லை, அவளும் பதறினாள். ஆனால் அந்தப் பதற்றத்தை முந்திக்கொண்டு இன்னொன்று வந்தது. அழுகிறாள், யார் தோளில்? ஈரத்தைத் துடைப்பது யார் முந்தானை? இங்கே ஒருத்தி உயிரோடு உட்கார்ந்திருக்கிறாளே, கல்லா மண்ணா? கை தானாகப் போய்ப் போனில் மைக் படத்தை அழுத்தியது.

"என்ன நடக்குது அங்க? அழறதுக்குக் கூட அந்த வீடுதானா? உன் வீடு இந்தப் பக்கம் இருக்குடி!"

குரல் போனுக்குள் போய், வாசலில் இருந்த பெல் வழியாக, அவள் தொண்டையைவிட நாலு மடங்கு பெரிதாக வெளியே வெடித்தது. மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. மேலே யாரோ கதவைத் திறந்து பார்த்தார்கள். பாப்பு துள்ளி விலகி, சுற்றுமுற்றும் பார்த்து, கடைசியில் கோணலாக நின்ற பெல்லைப் பார்த்தாள். அதன் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பார்த்தாள். ஓரகத்தியின் கதவைப் பார்த்தாள், மறுபடியும் பெல்லைப் பார்த்தாள். போனில் அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. கோபம்கூட இல்லை அதில். இவ்வளவுதானா என்பது போல ஒரு பார்வை. அப்புறம் அவள் சித்தி வீட்டுக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

டெய்லரம்மா திரைச்சீலையைத் தைக்கலாம் என்று மிதியை மிதித்தாள், ஊசி முறிந்தது. எழுந்து தண்ணீர் குடித்தாள். கதவைத் திறந்துகொண்டு போய் அந்த வாசலைத் தட்டலாமா? தட்டி என்ன சொல்வது? பார்சலுக்காக வைத்தேன் என்றா? கூப்பிடாமல் அந்த வாசலுக்கு இவள் போய் நிற்பதா? ரோஷம் ஒரு பக்கம் இழுத்தது, பயம் ஒரு பக்கம் இழுத்தது. நடுவில் அவள் முறிந்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மகள் இனிமேல் தன்னிடம் எதுவுமே சொல்லமாட்டாளோ என்ற எண்ணம் வந்தபோதுதான் முதல்முறையாக உண்மையாகவே பயந்தாள்.

வண்டு ஒருமுறை கத்தி ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் சைம் டிங் டாங் என்றது.

அது மாட்டிய நாளிலிருந்து அந்தச் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. தூக்கிவாரிப் போட்டது. போனைப் பார்த்தாள். படம் முழுக்க ஓரகத்தியின் வாசல். கதவு பாதி திறந்திருந்தது, செடி, கால்மிதி, எல்லாம் பளிச்சென்று. படத்தின் ஓரத்தில், மிக அருகில், ஒரு காது. சின்னக் கம்மல், அதில் ஒட்டிய ஈர முடி. அந்தக் காதைப் பெற்றவள் அவள், தெரியாதா?

மைக்கை அழுத்தினாள். "சாவி இருக்குல்ல? உள்ள வா."

"இல்லம்மா. கதவைத் திறக்காத." குரல் போனிலிருந்தும் வந்தது, கதவுக்குப் பின்னாலிருந்தும் வந்தது. "இப்படியே சொல்லிடறேன். உன் முகத்தைப் பாத்தா எனக்கு வார்த்தை வர மாட்டேங்குது. உன் பெல்லு இருக்கே, இதுகிட்டயே சொல்றேன்."

டெய்லரம்மா கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். கை தாழ்ப்பாள் வரை போயிருந்தது. எடுத்துக்கொண்டாள்.

"சொல்லு."

"எனக்கு வேலை கெடைச்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே டிபார்ட்மென்ட். இங்க இல்ல. ராத்திரி ரயில் ஏறினா காலைல போய் எறங்கற தூரம். அடுத்த மாசம் சேரணும்." காது கொஞ்சம் அசைந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வரேன்னு சொல்லிட்டேம்மா. ஸ்கேன் சென்டர்ல நான் இருக்க மாட்டேன். எனக்குப் போகணும்."

இருபது வருஷம் வளர்த்த பிள்ளை ஒரே மூச்சில் ஒரு ராத்திரி தூரத்துக்குப் போய்விட்டாள். டெய்லரம்மாவின் தொண்டையில் நூறு கேள்விகள் முண்டியடித்தன. ஒரு தாய் கேட்க வேண்டியவை எல்லாம் அதில் இருந்தன. ஆனால் கூட்டத்தில் முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கும் ஆள் ஒருத்தன் எப்போதும் இருப்பான் அல்லவா, அவன்தான் முதலில் வெளியே வந்தான்.

"உங்க சித்திகிட்ட எப்ப சொன்ன?"

காது அசையவே இல்லை. படத்தின் நடுவில், பாதி திறந்த கதவில், ஓரகத்தி வந்து நின்றிருந்தாள். அவளுக்கும் இது கேட்டிருக்கும், பெல் அவ்வளவு சத்தமாகத்தானே கத்துகிறது. அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"போன வாரம்," என்றாள் பாப்பு. குரல் மெலிந்துபோயிருந்தது. "அம்மா, சித்தி என்ன சொன்னாங்க தெரியுமா? 'உங்கம்மா கோவப்பட மாட்டாங்க. எங்க தங்குவ, நைட் டியூட்டி முடிஞ்சா யாரோட வருவ, இதைத்தான் மொதல்ல கேப்பாங்க. பதிலைத் தயாரா வெச்சுக்கிட்டுப் போ'ன்னாங்க. ஒரு வாரமா அதைத்தான் பழகிட்டிருந்தோம். அவங்க நீயா இருந்து கேப்பாங்க, நான் பதில் சொல்லுவேன். விரலை நீட்டி அப்படியே உன்ன மாதிரி கேப்பாங்க. எனக்குச் சிரிப்பா வரும். இன்னைக்கு அழுகை வந்துடுச்சு."

டெய்லரம்மா மைக்கை அழுத்தியிருந்த தன் விரலைப் பார்த்தாள்.

"நான்தான் சித்திகிட்ட சொன்னேன், 'இல்ல சித்தி, அம்மா அதெல்லாம் கேக்க மாட்டாங்க, மொதல்ல உங்களைப் பத்திதான் கேப்பாங்க'ன்னு. 'அப்படி எல்லாம் பேசாத, உங்கம்மாவை எனக்குத் தெரியும்'னு என்னைத் திட்டினாங்க."

விரல் மைக்கிலிருந்து நழுவியது. அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தன் மகள் தன்னைப் பற்றிச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். தன்னைப் பற்றி நல்லபடியாக நினைத்தவள் இந்த உலகத்தில் ஒருத்திதான், அவளையும் ஒரே கேள்வியில் பொய்க்காரி ஆக்கியாயிற்று. போனில் ஓரகத்தியின் முகம்தான் முழுசாகத் தெரிந்தது. அதில் கண் கலங்கியிருந்தது. மகளின் முகம் தெரியவில்லை. பார்க்க வழியும் இல்லை. அப்படித்தானே மாட்டி வைத்திருக்கிறாள்.

போனை மிஷின் மேல் போட்டுவிட்டு, திறக்காதே என்று சொன்ன கதவைத் திறந்தாள்.

பாப்பு பெல்லுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். மூக்கு சிவந்து, உதடு வீங்கி, சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இருப்பாளே, அந்த முகம். இத்தனை நாள் இந்த முகம் தன் வாசலில்தான் வந்து நின்றுகொண்டிருந்தது. டெய்லரம்மா அதைப் பார்த்தாள். மூலையில் ஓரகத்தி உள்ளே போய்விடலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபோது அடிவயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் ஒருமுறை எட்டிப் பார்த்தது. அது அவ்வளவு சீக்கிரம் போகிற வியாதியா என்ன?

"எங்க தங்குவ?" என்றாள் மகளிடம். குரல் உடைந்தது. "நைட் டியூட்டி முடிஞ்சா யாரோட வருவ?"

பாப்பு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பரீட்சையில் எழுந்து நின்று ஒப்பிப்பது போல, மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள். "ஆஸ்பத்திரிக்குப் பின்னாடியே லேடீஸ் ஹாஸ்டல் இருக்கும்மா. ரூமுக்கு மூணு பேரு. நைட் டியூட்டின்னா ஆஸ்பத்திரி வேன்லயே கொண்டு வந்து விட்டுடுவாங்க. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

பாப்பு தன்னை ஒருநாளும் 'நீங்க' என்று சொன்னதில்லை. அது சித்தி சொல்லிக் கொடுத்த வாக்கியம், அப்படியே மனப்பாடமாக வந்து விழுந்தது. டெய்லரம்மா அதைக் கேட்டாள், வயிறு எரிந்தது, அதையும் விழுங்கிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"வேன் வர்ற வரைக்கும் எங்க நிப்ப?"

இதற்கு அவர்கள் பதில் பழகியிருக்கவில்லை. பாப்பு திரும்பி மூலையைப் பார்த்தாள். ஓரகத்தியும் முழித்தாள்.

"தெரியலம்மா," என்றாள் மகள்.